அரை உப்புத் துகள் காற்று

இரவு வீடு அடங்கிய பிறகு, கேசட்டிலிருந்து மாற்றி வைத்த ஒரு பழைய கச்சேரியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தனி ஆவர்த்தனம் தொடங்கிய நேரம் பார்த்துத் தாகம் எடுத்தது. பிளேயரை நிறுத்தாமல் இயர்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். திரும்பி வந்தபோது மேசையிலிருந்து 'ட்சிக் ட்சிக்' என்று ஏதோ பூச்சி சுரண்டுவது போன்ற சத்தம். மிருதங்கத்தின் வலந்தலைச் சொற்களில் கூர்மையான ஓரம் மட்டும்தான் அதில் இருந்தது. தொப்பி என்று சொல்கிற இடந்தலையைக் காணவே காணோம். எடுத்துக் காதில் வைத்தேன். அதே தொப்பி 'தொம்' என்று அடிவயிறு வரை இறங்கியது. கும்கியின் குழைவு, கை தோலை அழுத்திக்கொண்டு நகர்வது, எல்லாம் கேட்டது. ஒலியளவை நான் தொடவே இல்லை.

கையடக்க பிளேயருக்கு எந்த ஹெட்போன் நல்லது, கூட என்னென்ன வாங்கலாம் என்று கேட்பவர்களை முதலில் இந்தச் சோதனையைத்தான் செய்து பார்க்கச் சொல்வேன். ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் பூச்சி, காதுக்குள் வைத்தால் மிருதங்கம். கருவி அதேதான், அதில் ஓடும் மின்சாரமும் அதேதான். சுற்றியிருக்கும் காற்றுதான் வேறு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் திகைப்பு இன்னும் கூடும். திறந்தவெளியில் ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு 40 ஹெர்ட்ஸ் என்ற ஆழ்ந்த ஒலியை 94 டெசிபல் அளவில் கேட்க வைக்க, ஒலிபெருக்கி சுமார் 160 கன சென்டிமீட்டர் காற்றைத் தள்ளி இழுக்க வேண்டும். கிட்டத்தட்ட ஒரு தம்ளர் காற்று, நொடிக்கு 40 முறை. ஒலி தாழத் தாழ இந்த உழைப்பு ஏறிக்கொண்டே போகும். அதிர்வெண் பாதியானால், அதே உரப்புக்குச் சவ்வு நான்கு மடங்கு தூரம் நகர வேண்டும். மேடைக் கச்சேரிகளில் ஆள் உயரத்துக்குப் பெட்டிகளை அடுக்குவது இதற்காகத்தான்.

காதுத் துளையை இயர்போன் நன்றாக அடைத்துக்கொண்டால் நிலைமை தலைகீழ். இயர்போனுக்கும் செவிப்பறைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் காற்று இரண்டு கன சென்டிமீட்டருக்கு மேல் இருக்காது. அதற்கு ஓட வழியில்லை. சவ்வு துளி முன்னே வந்தால் அழுத்தம் ஏறுகிறது, பின்வாங்கினால் இறங்குகிறது. அதே 94 டெசிபலுக்கு இங்கே நகர வேண்டிய காற்று 0.014 கன மில்லிமீட்டர். தூள் உப்பில் ஒரே ஒரு துகளை எடுத்து இரண்டாக உடைத்தால் கிடைக்கும் பாதி, அவ்வளவுதான். அதைத் தள்ள, ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள சவ்வு கால் மைக்ரான் அசைந்தால் போதும். நம் தலைமுடியின் தடிமனில் முந்நூறில் ஒரு பங்கு. தம்ளரையும் அரை உப்புத் துகளையும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் ஒரு கோடி மடங்கு. மூடிய இடத்தில் இன்னொரு வசதியும் உண்டு. ஒலி எவ்வளவு தாழ்ந்தாலும் சவ்வு கூடுதலாக நகர வேண்டியதில்லை. விரல் நகம் அளவுள்ள பொருளால் மிருதங்கத்தின் தொப்பியைக் காதுக்குள் எழுப்ப முடிவது இதனால்தான்.

இத்தனையும் காதுக்குள் இருக்கும் அந்தச் சின்னக் காற்றறை மூடியிருக்கும் வரைதான். சைக்கிள் பம்பின் முனையை விரலால் அரைகுறையாக மூடிக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். மெதுவாக அழுத்தினால் காற்று கசிந்து போய்விடும், பம்பு எதிர்க்காது. சட்டென்று குத்தினால் எதிர்க்கும். காதிலும் அதுவேதான் நடக்கிறது. தாழ்ந்த ஒலி என்பது மெதுவாக ஏறி இறங்கும் அழுத்தம். சிறு இடைவெளி இருந்தாலும் வெளியேற அதற்கு நேரம் கிடைத்துவிடுகிறது. உயர்ந்த ஒலிக்கு அந்த அவகாசம் இல்லை. ஆகவே காதில் சரியாக உட்காராத இயர்போனில் எல்லா ஒலியும் சமமாகக் குறைவதில்லை. அடித்தளம் மட்டும் சரிந்து, மேலே இருப்பவை கீச்சென்று துருத்திக்கொண்டு நிற்கும்.

போன வருடம் என் அக்கா மகன் நல்ல விலை கொடுத்து வாங்கிய ஒரு இயர்போனை எடுத்துக்கொண்டு வந்தான். "மாமா, இதுல பேஸே இல்ல. திருப்பிக் குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றான்.

"அது வந்த டப்பாவைக் காட்டு."

டப்பாவின் அடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறை. சிறிதும் பெரிதுமாக மூன்று ஜோடி ரப்பர் முனைகள். உறையைப் பிரிக்கவே இல்லை. கம்பெனி மாட்டி அனுப்பிய நடுத்தர அளவையே போட்டுக் கேட்டிருக்கிறான். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தோம். வலது காதுக்குப் பெரியது பொருந்தியது, இடதுக்கு நடுத்தரம் போதுமாக இருந்தது. "ரெண்டு பக்கமும் வேற வேற சைஸ் போடலாமா மாமா?" என்று சந்தேகமாகக் கேட்டான். போடலாம். வலக் கால் செருப்பு கடித்து இடக் கால் செருப்பு கடிக்காமல் இருப்பதில்லையா? பலருக்கு இரண்டு காதுத் துளைகளும் ஒரே அளவில் இருப்பதில்லை. பாட்டைப் போட்டதும் அவன் கை தானாக ஒலியளவைக் குறைத்தது. பேஸ் வந்தால் ஒலியைக் கூட்டி வைக்கத் தேவையில்லை என்பதை அவன் விரல் அவனுக்கு முன்பே புரிந்துகொண்டது.

பேஸ் இல்லை என்று அவன் கண்டுபிடித்ததே பெரிது. பலருக்கு ஆண்டுக்கணக்கில் தெரியாமலே போய்விடுகிறது. அதற்குக் காரணம் நம் மூளையின் ஒரு விசித்திரமான தாராளம். பழைய தொலைபேசி இணைப்புகள் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் அனுப்பாது. ஆண் குரலின் அடிப்படைச் சுருதியோ 100, 150 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. அது கம்பியில் வரவே இல்லை. ஆனாலும் அப்பா பேசினால் அப்பா குரலாகத்தான் கேட்டது. அடிப்படை ஒலியின் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்கள் வந்தால் போதும், இவற்றுக்கு மூலம் இன்னதாகத்தான் இருக்கும் என்று மூளை ஊகித்து அந்தச் சுருதியைத் தானே போட்டுக்கொள்கிறது. மட்டமான இயர்போனில் தம்புராவின் மந்தர ஷட்ஜமம் கேட்பதாக நாம் நினைப்பது பல நேரங்களில் இந்த ஊகத்தைத்தான்.

ஊகிக்க முடியாத ஒலிகளும் உண்டு. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், ஒளியைப் பற்றிய பெரிய கண்டுபிடிப்புக்கு முன்பே கல்கத்தாவில் நம் தோல் வாத்தியங்களை ஆராய்ந்தார். வலந்தலையின் நடுவே இருக்கும் அந்தக் கருப்பு வட்டம் தோலின் அதிர்வுகளை ஒழுங்குபடுத்தி, தந்தி வாத்தியம்போல மடங்கு மடங்கான ஒலிகளை எழுப்ப வைக்கிறது என்று 1920ல் சிவகாளி குமாருடன் சேர்ந்து எழுதினார். சுருதி சேர்ந்த வலந்தலைச் சொல்லில் ஒரு பகுதி காணாமல் போனாலும் மூளை நிரப்பிக்கொள்ளும். ரவையைக் குழைத்து அப்பிய இடந்தலை அப்படிப்பட்டதல்ல. அதன் ஆழத்தை இயர்போன் கொண்டுவந்தால்தான் உண்டு. ஆகவே புதிய இயர்போன் ஒன்றைச் சோதிக்க எனக்குத் தனி ஆவர்த்தனத்தைவிட நல்ல அளவுகோல் கிடைத்ததில்லை.

ஆக, முதலில் வாங்க வேண்டிய துணைப்பொருள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரப்பர் முனைகள்தான். சிலிக்கான் முனைகள் கழுவ எளிது, நாள்பட உழைக்கும். சிலிக்கான் பொருந்தாத காதுகளுக்குப் பஞ்சு முனைகள் இருக்கின்றன. 1967ல் அமெரிக்காவில் ராஸ் கார்ட்னர் என்பவரின் குழு கண்டுபிடித்த, அமுக்கினால் மெல்ல மெல்ல விரியும் அந்த நுரைப்பஞ்சின் வழிவந்தவை இவை. இதைப் பலரும் தவறாக மாட்டுகிறார்கள். விரல்களுக்கு நடுவே உருட்டி ஒல்லியாக்க வேண்டும். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் துளை நேராகும். உள்ளே செருகி அரை நிமிடம் விரலை எடுக்காமல் இருந்தால், விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். தலையில் மாட்டும் பெரிய ஹெட்போன் வைத்திருப்பவர்கள் மூக்குக் கண்ணாடியைக் கவனிக்க வேண்டும். மெத்தைக்கும் கன்னத்துக்கும் நடுவே கண்ணாடிக் காம்பு நுழைகிற இடத்தில் ஒரு கசிவு உண்டாகிறது. தோல் உரிந்து தட்டையாகிப்போன மெத்தைகளும் அப்படித்தான். மெத்தையை மட்டும் மாற்றினால் பழைய ஹெட்போன் புதிது போலப் பாடும்.

காதை அடைப்பதில் ஒரு இழப்பும் இருக்கிறது. நம் காதுத் துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழாய். ஒரு முனை திறந்தது, மறு முனையில் செவிப்பறை. புல்லாங்குழலுக்கு ஒரு சுருதி இருப்பதுபோல இந்தக் குழாய்க்கும் ஒரு சுருதி உண்டு, 3000 ஹெர்ட்ஸை ஒட்டி. அந்த இடத்தில் வரும் ஒலியைக் குழாய் தானாகவே பத்து டெசிபலுக்கு மேல் தூக்கிக் கொடுக்கிறது. ச, ட, ற போன்ற எழுத்துகளின் துல்லியம் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. பிறந்தது முதல் உலகத்தை அந்தத் தூக்கலோடுதான் கேட்டு வந்திருக்கிறோம். இயர்போனைச் செருகியதும் குழாயின் இரு முனைகளும் மூடிக்கொள்கின்றன. பழைய ஒத்ததிர்வு மறைந்து, 7000, 8000 ஹெர்ட்ஸ் பக்கம் வேறொன்று முளைக்கிறது. இழந்ததை இயர்போனே ஈடுகட்ட வேண்டும். அதாவது, நல்ல இயர்போன் ஒலியை உள்ளபடியே வெளிவிடக் கூடாது. காதிடமிருந்து எதைப் பறித்ததோ அதைச் சேர்த்துத் திருப்பித் தர வேண்டும். செவித்துணைக் கருவிகளை ஆராய்ந்துவந்த மீட் கில்லியன் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதைக் கணக்கில் வைத்தே 1991ல் எட்டிமோடிக் நிறுவனத்தின் இஆர்-4 இயர்போனைக் கொண்டுவந்தார். காதுக்குள் ஆழமாகச் செருகும் வகை இசைப் பிரியர்களிடம் பரவியது அதற்குப் பிறகுதான். அதற்குள் இருந்தது சவ்வோடு சுருளும் சேர்ந்து அசையும் வழக்கமான அமைப்பல்ல. செவித்துணைக் கருவிகளில் இருக்கும் ஆர்மேச்சர் என்ற நுண்ணிய நாக்கு அது. காது கேளாதவர்களுக்காகச் செய்த ஒன்று, கூர்ந்து கேட்பவர்களுக்கும் உதவியது.

துளையின் நீளமும் வளைவும் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவர் காதில் தேனாக இருக்கும் இயர்போன் இன்னொருவர் காதில் கீச்சிடுவதற்கு ரசனையை மட்டும் குறை சொல்ல முடியாது. இரண்டு பேரும் கேட்பது உண்மையிலேயே வேறு வேறு ஒலி.

இனி பிளேயர் பக்கம் வருவோம். 1979 ஜூலை 1ஆம் தேதி சோனி வாக்மேன் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது அதன் வெற்றிக்குப் பாதிக் காரணம் ஹெட்போன். அதுவரை 300, 400 கிராம் கனத்த ஹெட்போன்கள் இருந்த காலத்தில், 50 கிராம் அளவில் ஒன்றைக் கூடவே கொடுத்தார்கள். 1982ல் மசாதோ சகாவா கண்டுபிடித்த நியோடிமியம் காந்தம் வந்த பிறகு, மிளகு அளவுக் காந்தத்துக்கே போதிய வலு வந்துவிட்டது. கனம் குறைந்தது சரி, எந்த ஹெட்போனையும் எந்த பிளேயரிலும் மாட்டலாமா என்றால், செருகிக்கொள்ளும், ஆனால் ஓட்டுமா என்று பார்க்க வேண்டும். டப்பாவின் பின்னால் இரண்டு எண்கள் இருக்கும். ஓம் என்ற அலகில் இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு. டெசிபலில் உணர்திறன், அதாவது ஒரு மில்லிவாட் கொடுத்தால் எவ்வளவு உரக்கப் பாடும் என்பது. ஒரு மில்லிவாட்டுக்கு 32 ஓம் ஹெட்போன் கேட்பது 0.18 வோல்ட். ஸ்டூடியோக்களுக்காகச் செய்யும் 300 ஓம் ஹெட்போன் 0.55 வோல்ட் கேட்கும். இசையில் திடீரென்று எழும் உச்சங்களுக்கு இதுபோல மூன்று மடங்கு கைவசம் இருக்க வேண்டும். சின்ன பிளேயர்கள் பல ஒரு வோல்ட்டோடு நின்றுவிடும். 32 ஓம் தாராளமாக ஓடும், 300 ஓம் மூச்சு வாங்கும். தனி ஆம்ப்ளிஃபையர் வாங்கத் தேவை வருவது அங்கேதான், மற்றவர்களுக்கு அது வீண் செலவு. ஆர்மேச்சர் வகைக்கு வேறொரு சிக்கல். அதன் இம்பீடன்ஸ் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் ஏறி இறங்கும். பிளேயரின் வெளியீட்டு இம்பீடன்ஸ் அதில் எட்டில் ஒரு பங்குக்குள் அடங்கவில்லை என்றால் ஒலியின் நிறமே மாறிவிடும். ப்ளூடூத்தில் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. ஆம்ப்ளிஃபையரும் ஹெட்போனுக்குள்ளேயே வந்துவிடுகிறது. பிளேயர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது வெறும் தபால்காரர் வேலைதான் பார்க்கிறது.

கம்பியைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் வெள்ளிக் கம்பிகளுக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம். ஒன்றேகால் மீட்டர் சாதாரணச் செம்புக் கம்பியின் மின்தடை ஒரு ஓமுக்குள் அடங்கிவிடும். காதுக்கு அது எட்டாது. கம்பியில் பார்க்க வேண்டியது அறுந்துபோகாமல் இருக்குமா என்பதைத்தான். ஜாக் பக்கம் அறுந்த ஒரு இயர்போனை வெட்டிப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே சிவப்பு, பச்சை, செம்பு நிறத்தில், முடியைவிட மெல்லிய இழைகள், நடுவே ஒரு நூலோடு சேர்த்து முறுக்கியிருந்தன. நூல்தான் இழுவையைத் தாங்குகிறது. ஈயம் வைத்துப் பற்றவைக்கப் பார்த்தால் ஒட்டாது, முத்து முத்தாக உருண்டு விழும். அந்த நிறங்கள் ஒவ்வொன்றும் வார்னிஷ் பூச்சு. சால்டரிங் முனையில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி, அதில் இழை நுனியைச் சிறிது நேரம் முக்கி வைத்தால், புகை எழும்பிப் பூச்சு எரிந்து, செம்பு பளிச்சென்று ஈயம் பூசிக்கொள்ளும். பிறகு ஒட்டும். இந்த வேலையைச் செய்து பழகியவர்களுக்கு, கம்பியைக் கழற்றி மாற்றக்கூடிய இயர்போனின் அருமை தெரியும். வாங்கும்போது அதை மட்டும் கவனியுங்கள். கம்பி சட்டையில் உரசும் சத்தம் காதில் கரகரவென்று கேட்டால், அதைக் காது மடலுக்கு மேலே சுற்றி மாட்டுங்கள், அடங்கிவிடும்.

பேருந்திலும் ரயிலிலும் கேட்பவர்கள் பாட்டை உரக்க வைப்பதற்கு இரைச்சல்தான் காரணம். என்ஜினின் தாழ்ந்த உறுமல், பாட்டில் இருக்கும் தாழ்ந்த ஒலிகளை மூடிவிடுகிறது. அதை எட்டிப் பிடிக்க எல்லாவற்றையும் சேர்த்து உயர்த்துகிறோம். வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற சுதந்திரப் போராட்ட வீரரின் மகன் அமர் போஸ், 1978ல் ஜூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இரைச்சலைத் தவிர எதுவும் கேட்கவில்லை. எதிர் ஒலியால் இரைச்சலை அழிக்கும் கணக்கை அந்தப் பயணத்திலேயே போடத் தொடங்கினார். யோசனை பழையது. பால் லூக் என்ற ஜெர்மானியருக்கு 1936லேயே அமெரிக்கக் காப்புரிமை கிடைத்திருந்தது. போஸின் விமானிகளுக்கான ஹெட்செட் 1989ல் விற்பனைக்கு வந்தது. அலை மேடேறும் இடத்தில் பள்ளத்தை வைத்துச் சமன்செய்வதுதான் அதன் வேலை. 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்று மீட்டருக்கு மேல் என்பதால் குறி தவறாது. பேச்சொலியின் குறுகிய அலைகளிடம் அவ்வளவாகப் பலிக்காது. அவற்றை நல்ல ரப்பர் முனைதான் தடுக்க வேண்டும்.

ஒலியளவு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம், 100 டெசிபலில் 20 நிமிடம். ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 மயிர்ச் செல்கள்தான் இருக்கின்றன. மனிதருக்கு அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. இருபது வயதில் கொடுத்த உரப்பை அறுபது வயதில் திருப்பிக் கேட்டு வாங்க முடியாது. தெருவில் நடக்கும்போது மட்டும் ஒரு காதையாவது திறந்து வையுங்கள், ஹாரன் கேட்க வேண்டும்.

கடைக்குப் போனால் எப்படி ஒப்பிடுவது? 1933ல் ஹார்வி ஃபிளெச்சரும் வில்டன் மன்சனும், ஒலி தணியத் தணியத் தாழ்ந்த அதிர்வெண்களைக் காது கூடுதலாகத் தவறவிடுகிறது என்று அளந்து காட்டினார்கள். ஆகவே இரண்டில் எது கொஞ்சம் உரக்கப் பாடுகிறதோ அது பேஸும் தெளிவும் கூடியதாகத் தோன்றிவிடும். இரண்டையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவந்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். நன்கு பழகிய ஒரு பதிவைக் கையோடு கொண்டுபோங்கள், ஒவ்வொன்றுக்கும் பொருந்துகிற முனையைக் கேட்டு வாங்கி மாட்டுங்கள். விலைப்பட்டியலை நம்ப வேண்டாம். யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை அலசி 2017ல் வெளியிட்ட கட்டுரையில், விலைக்கும் ஒலியின் சமநிலைக்கும் தொடர்பே காணவில்லை.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. சென்ற வாரம் என் இயர்போனில் இடப்பக்கம் மங்கியது. பாடகர் வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்துவிட்டதுபோல இருந்தது. கம்பியைச் சந்தேகித்துச் சால்டரிங் பெட்டியை எடுக்கப் போனவன், முதலில் ரப்பரைக் கழற்றி விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். முனையிலிருக்கும் வலையின் கண்களில் பாதியைக் குறும்பி அடைத்திருந்தது. தூசி உள்ளே விழாமல் வலையைத் தரைப்பக்கம் பிடித்துக்கொண்டு, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டித் தட்டித் துடைத்தேன். ரப்பரைக் கழுவிக் காயவைத்து மாட்டினேன்.

அதே கச்சேரியைப் போட்டேன். தம்புரா தொடங்குவதற்கு முன்னால், இத்தனை வருடம் நான் கேட்டிராத ஒரு 'ம்ம்ம்' அடியில் ஓடிக்கொண்டிருந்தது. பதிவுக் கருவிக்கு வந்த மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல். அதன்மேல் தம்புராவின் முதல் தந்தி விழுந்தது. யாரோ மெதுவாகத் தொண்டையைச் செருமினார்கள். மிருதங்கக்காரர் தொப்பியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, ரவையைச் சரிசெய்திருக்க வேண்டும், மறுபடி ஒரு தட்டுத் தட்டினார். இரண்டாவது தட்டு முதலாவதைவிட ஒரு நூலிழை தாழ்ந்திருந்தது.